மென்று தின்ற இன்ஸ்பெக்டர்

என் சமையலறை அலமாரியில் ஒரு பீங்கான் தட்டு இருக்கிறது. வெள்ளைத் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு. ஒரு பக்கம் பூச்சு உதிர்ந்து உள்ளே இருக்கும் இரும்பு கறுப்பாகத் தெரியும். என் மருமகள் அதை மூன்று தடவை பழைய சாமான்காரனிடம் தள்ளிவிடப் பார்த்தாள். மூன்று தடவையும் நான் போட்ட சத்தத்தில் அந்த ஆள் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். "அப்படி என்னதான் அத்தை இருக்குது அதுல?" என்று கேட்டாள். இரண்டு உயிர் இருக்கிறதடி, அதில் ஒன்று என்னுடையது என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். வாயால் சொன்னால் கிழவி கதை விடுகிறாள் என்பார்கள். எட்டாவது வரை படித்த கை இது, அதனால் எழுதியே வைக்கிறேன்.

ஐம்பதுகளில் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிக்குப் போகிற ரோட்டில், ஜூஜுவாடிக்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தடியில் நானும் என் வீட்டுக்காரரும் களிக்கடை வைத்திருந்தோம். கல்யாணமாகி நான்கு வருஷம், எனக்கு இருபத்து மூன்று வயது. அவர் விறகு பிளப்பார், தண்ணீர் சுமப்பார், வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து நானே பேசுவேன். ராகிக் களி, கொள்ளுச் சாறு, கிடைத்த நாளில் கீரைக் குழம்பு, அவ்வளவுதான் கடை. வண்டிக்காரர்களும் கூலிக்குப் போகிறவர்களும் வந்து சாப்பிடுவார்கள். வழிக்கு வேண்டுமென்றால் புரச இலையைத் தைத்து அதில் கட்டிக் கொடுப்பேன். ஈர்க்குச்சியைக் குறுக்குமறுக்காகப் போட்டுத் தைப்பது என் வழக்கம். அந்த ரோட்டில் வேறு யாரும் அப்படித் தைப்பதில்லை. அந்தப் பெருமையே ஒருநாள் என் கழுத்துக்கு வரும் என்று எனக்கென்ன தெரியும்?

எல்லைக்கு இந்தப் பக்கம் மதுவிலக்கு. அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்தில் சாராயக்கடை திறந்தே கிடக்கும். சாயங்காலம் ஆனால் இங்கிருந்து ஆம்பிளைகள் சந்தைக்குப் போவதுபோல நடையைக் கட்டுவார்கள். அந்தக் கோடையில் அப்படிப் போனவர்களில் மூன்று பேர் திரும்பி வரவில்லை. ஏரிக்கரையிலும் மாந்தோப்பிலும் வேட்டி கிழிந்து, வாய் உலர்ந்து, செத்துக் கிடந்தார்கள். காதில் கடுக்கன் இல்லை, இடுப்பில் வெள்ளி அரைஞாண் இல்லை. குடித்துச் செத்தான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். செத்தவர்கள் வீட்டாரும் வாயைத் திறக்கவில்லை. புகார் கொடுத்தால் புருஷன் குடிக்கப் போனான் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! ஒரு பிணம் அந்தப் பக்கம், இரண்டு பிணம் இந்தப் பக்கம். அந்தந்த ஸ்டேஷனில் தனித்தனியாக எழுதி மூடி வைத்துவிட்டார்கள்.

அந்த மூன்று காகிதத்தையும் முதன்முதலில் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்தான் எங்கள் இன்ஸ்பெக்டர். கிழக்கே காவிரிப் பாசனத்து ஊர்க்காரர், அரிசிச் சோறு தின்று வளர்ந்த உடம்பு, பெரிய மீசை, அந்த மீசைக்குச் சம்பந்தமே இல்லாத சின்னக் குரல். ஒரு மத்தியானம் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, "ஒரு களி போடும்மா" என்று உட்கார்ந்தார். போட்டேன். மனுஷன் ஒரு வாய் எடுத்து வைத்து மெல்லத் தொடங்கினார் பாருங்கள்! மாடு அசைபோடுவதுபோலக் கன்னம் இரண்டும் ஏறி இறங்குகிறது. களி பல்லில் ஒட்டிக்கொண்டது, மீசையில் ஒட்டிக்கொண்டது. கடையில் இருந்த வண்டிக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கன்னடத்துக்காரர் மட்டும் தைரியமாக, "சாமி, முத்தே நுங்கபேக்கு, அகியபாரது" என்றார். களியை விழுங்கணும், மெல்லக் கூடாது. எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

"முழுங்குனா ருசி எப்படிய்யா தெரியும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ருசி கொழம்புல இருக்குதுங்க. களிக்கு ஏதுங்க ருசி?" என்றேன் நான். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அந்த வாரமே நான்காவது பிணம் கிடைத்தது. பக்கத்தில் என் புரச இலை, என் குறுக்குத் தையல். செத்தவன் விரலிடுக்கில் காய்ந்த களி. அதற்கு முன் செத்த மூன்று பேர் விரலிலும் களி இருந்தது என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். "அவ களியிலதான் விஷம்" என்று ஒரே நாளில் பரவிவிட்டது. நேற்றுவரை என் கையால் சாப்பிட்டவர்கள் ரோட்டின் அந்த ஓரமாகப் போனார்கள். யாரோ என் தட்டுகளையெல்லாம் அள்ளிக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து, மாரியம்மன் பண்டிகைக்குள் கடையைக் காலி செய்யவேண்டும், இல்லாவிட்டால் நாங்களே நெருப்பு வைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பண்டிகைக்கு இருபது நாள்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் அபூர்வமாக வாயைத் திறந்து, "ஜவளகிரிக்கு அண்ணன் வூட்டுக்குப் போயிடலாம்" என்றார். "போனா கொன்னவ நாந்தான்னு ஆயிடும். தூக்குல தொங்கணும்னா இங்கயே தொங்குறேன்" என்று கத்தினேன்.

மறுநாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். கைவிலங்கு கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பையிலிருந்து அவர் எடுத்தது நீலக் கோடு போட்ட பீங்கான் தட்டு. "உன் தட்டெல்லாம் கிணத்துல கெடக்குதாமே? குவார்ட்டர்ஸ்லருந்து எடுத்துட்டு வந்தேன். களி போடு" என்றார். நான் போட்ட அவசரத்தில் களி தட்டில் விழாமல் தரையில் விழுந்தது. மறுபடி போட்டேன். நிதானமாக, ஒவ்வொரு வாயாக, மென்று மென்று தின்றார். என்னை நம்பித் தின்றாரா, சோதித்துப் பார்க்கத் தின்றாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாள் தவறாமல் வந்தார். ஊரே ஒதுக்கிய ஒரு பெண்ணின் கடையில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஒதுக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். அவர் சைக்கிள் மணி கேட்கிறவரைக்கும் எனக்கு ஒருவாய் தண்ணீர்கூட இறங்காது.

இன்னொருவரும் எப்போதும்போல வந்தார். ஜவுளி மூட்டையைத் தோளில் போட்டு ஊர் ஊராக விற்பவர். ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறைய விபூதி, தேன் ஒழுகுகிற பேச்சு. கடையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். இரண்டு உருண்டை கட்டச் சொல்லி வாங்கிப் போவார். "ஊரு ஆயிரம் சொல்லும் தங்கச்சி, நீ கவலப்படாத" என்பார். நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். அந்த இருபது நாளில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட வேறு நாதி இல்லை எனக்கு.

அதனால்தான் அந்தத் தப்பைச் செய்தேன். இன்ஸ்பெக்டர் ஒருநாள் கை கழுவிக்கொண்டே, "இலையில கட்டி வாங்கிட்டுப் போறது யாரும்மா?" என்று கேட்டார். அந்த ஜவுளி அண்ணன் முகம் கண்முன் வந்தது. பேரைச் சொன்னால் போலீஸ் அவரைப் பிடித்து உலுக்கும், அவரும் வராமல் நின்றுவிடுவார். "கடைக்கே ஆளில்லீங்க ஐயா, கட்டிக்கினு போக யாரு வர்றாங்க?" என்று வாய்கூசாமல் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவருக்குப் புதிதாக ஒரு ஆசை வந்தது. களி விழுங்கக் கற்றுக்கொடு என்றார். எனக்கோ குஷி. "கொஞ்சமா கிள்ளுங்க, கொழம்புல பொரட்டுங்க, பல்லுக்குச் சொல்லாம தொண்டைக்கு அனுப்புங்க" என்று பாடம் நடத்தினேன். முதல்நாள் புரையேறிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. இரண்டாம் நாள் பாதி விழுங்கிப் பாதி மென்றார். "பச்சக் கொழந்த கூட முழுங்குது, இந்த மீசைக்கு ஆவலயே!" என்று நான் கேலி செய்ததும், பேசாத என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்ததும் இன்னும் காதில் இருக்கிறது. ஒன்பதாம் நாள் ஒரு வாய் சுத்தமாக உள்ளே போனது. நான் கை தட்டினேன். தலைக்குமேல் கத்தி தொங்கும்போதும் மனுஷருக்குச் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது சைக்கிள் மணி கேட்கவில்லை. களி ஆறிப் பாறையாகிவிட்டது. மறுநாள் காலையில் ஒரு கான்ஸ்டபிள் ஓடிவந்து சொன்னார்: கொலைகாரன் அகப்பட்டுவிட்டான், ஜவுளி மூட்டைக்காரன், இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பிழைப்பாரோ மாட்டாரோ. களி கிண்டிய துடுப்பு என் கையிலிருந்து விழுந்தது. பாவி, நான் மறைத்த பேர்தானே அது!

ஓசூர் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த கோலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஊமத்தை விதை அரைத்த விஷம். யாரையும் அடையாளம் தெரியவில்லை. காற்றில் விரலால் எதையோ கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தார். வெறும் வாயை. நானும் என் வீட்டுக்காரரும் வராந்தாவிலேயே கிடந்தோம். மாரியம்மனுக்கு என் தாலியைக் காணிக்கை போடுவதாக வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் கண் தெளிந்து என்னைப் பார்த்து, "கடையைச் சாத்திட்டு இங்க என்னம்மா பண்ற?" என்றார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். யார் என்று தெரியாததால் தானே இரையாகப் போயிருக்கிறார். கூலியாள் வேஷம், காதில் கடன் வாங்கிய கடுக்கன். அத்திப்பள்ளிச் சாராயக்கடைப் பக்கம் நான்கு சாயங்காலம் தள்ளாடி நடந்திருக்கிறார். நான்காம் நாள் ஜவுளி மூட்டைக்காரன் கூட நடந்து வந்து, ஏரிக்கரையில் உட்காரவைத்து, இலையைப் பிரித்து, "பசியோட இருக்கியே தம்பி, தின்னு" என்றிருக்கிறான்.

"அப்பத்தாம்மா மாட்டிக்கிட்டேன். மென்னா இந்த ஊர்க்காரன் இல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். முழுங்குனா சாவு. மொத வாய முழுங்கிட்டேன். அவன் மொகம் மாறல. ரெண்டாவது வாய மென்னேன். கசந்துது. உன் களி கசக்காது. அது லேசா இனிக்கும், கடைசில கொஞ்சம் பொகை வாசம் வரும். எனக்குத் தெரியாதா? எழுந்து அவன் கையப் புடிச்சேன்."

அவன் உதறிக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டி ஓடியிருக்கிறான். தாண்டிவிட்டால் நம் போலீஸ் வராது என்று எண்ணம். ஆனால் அந்தப் பக்கத்துப் போலீசோடு இவர் முன்பே பேசி வைத்திருந்தார். கல்லுக்கு அப்பால் அவர்கள் வண்டி காத்திருந்தது. பின்னால் வந்த நம் கான்ஸ்டபிள்கள் இவரை அதே வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூட்டைக்குள் சேலைகளுக்கு நடுவே நான்கு ஜோடிக் கடுக்கன் இருந்தது.

நான் அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேரை மறைத்ததை, ஏன் மறைத்தேன் என்பதை. அவர் முகம் கறுத்துவிட்டது. "புத்தி கெட்ட பொண்ணே! இன்னொருத்தன் செத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்றார். அழுதேன். பிறகு அந்தச் சின்னக் குரலில், "முழுங்கக் கத்துக் குடுத்ததும் நீதான். ஆனா அந்த மொத வாய முழுங்காட்டி அவன் அப்பவே ஓடியிருப்பான். போ, போய் அடுப்பப் பத்த வை" என்றார்.

பண்டிகையன்று காலையில் கான்ஸ்டபிள் கைத்தாங்கலில் வந்து இறங்கினார். கடைக்குள் வரவில்லை. எல்லோரும் பார்க்கிற மாதிரி நடுரோட்டைப் பார்த்துப் பெஞ்சைப் போடச்சொன்னார். தேர் போகிற வழி அது. யூனிபாரத்தோடு, மடியில் பீங்கான் தட்டை வைத்து, என் களியை மென்று தின்றார். தேரோடு வந்த ஊர்ப் பெரியவர்கள் நின்று பார்த்தார்கள். சாயங்காலம் அந்தக் கன்னடத்து வண்டிக்காரர் வந்து, தலையைக் குனிந்தபடி, "அக்கா, ஒந்து முத்தே" என்றார். ஒரு களி. ஆத்திரத்தில் போடா என்று சொல்ல வாய் துடித்தது. போட்டேன். இரண்டு போட்டேன்.

சேலம் கோர்ட்டில் அவன் தரப்பு வக்கீல், கடைக்காரியே விஷம் கலந்திருக்கலாமே என்று கேட்டார். சாட்சிக் கூண்டிலிருந்த இன்ஸ்பெக்டர், "தினமும் அந்தக் கடையில் களியை மென்று தின்றவன் நான். அதன் ருசி எனக்குத் தெரியும்" என்றார். மென்று தின்றேன் என்றதைக் கேட்டுக் கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த வருஷம் இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் வந்தது. தட்டைக் கழுவிக் கொடுத்தேன். "இங்கயே இருக்கட்டும். இந்தப் பக்கம் வந்தா எதுல தின்பேன்?" என்றார். அவர் வரவே இல்லை. எத்தனையோ மத்தியானம் மணிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறேன்.

புளியமரம் இருந்த இடத்தில் இன்று மேம்பாலத்துத் தூண் நிற்கிறது. கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன, ஒன்றில் என் பேரனும் ஷிப்டுக்குப் போகிறான். சாராயக்கடையும் இரண்டு பக்கமும் வந்துவிட்டது. போன மாதம் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைப்பு. எதையும் அப்படியே விழுங்காதீர்கள், நன்றாக மென்று சாப்பிடுங்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எண்பது வயதுக்குமேல் களியை மெல்லச் சொன்னால் எப்படி இருக்கும்! கோபத்தோடு அந்த நீலக்கோட்டுத் தட்டை எடுத்து வைத்து, நானே கிண்டிய களியில் ஒரு வாய் கிள்ளிப் பல்லில் வைத்தேன். லேசாக இனித்தது. கடைசியில் கொஞ்சம் புகை வாசம் வந்தது. வாழ்நாளெல்லாம் இதைக் கிண்டிப் போட்டவள் நான். இதற்கு ருசி உண்டு என்பது அதுவரை அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. மெல்ல மெல்ல அழுகை வந்துவிட்டது. தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.