பாறை இடுக்கின் அளவு

எங்கள் வீட்டுக் கூரை எரவாணத்தில் ஒரு மூங்கில் குச்சி செருகியிருக்கிறது. இரண்டு முழ நீளம். ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும், எரிச்சல் வரும். இத்தனை வருஷமாகியும் வருகிறது.

அது வெள்ளைக்காரர் காலத்துக் கதை. மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டில் அப்போது வண்டிப் பாதையே கிடையாது. எதுவானாலும் அடிவாரத்துப் புளியஞ்சோலைக்குத் தலைச்சுமையாகத்தான் இறங்கும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு என் வீட்டுக்காரர், அடிவாரத்து நோம்பித் திருவிழாவில் நடக்கும் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஓட்டுவேன் என்று சந்தையில் சொல்லிவிட்டு வந்தார். "மலைக்காரனுக்கு வண்டியில ஏறத் தெரியுமா?" என்று யாரோ சிரித்தார்களாம். அது முள்ளாகத் தைத்துவிட்டது.

எங்களிடம் மிளகு வாங்கும் அடிவாரத்துப் பாய், தம்மிடமிருந்த பழைய பந்தய வண்டியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். "ஓடிப் பழகுன வண்டிங்க, கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்றார். சொந்தமாகச் செய்வதா, அதை வாங்குவதா என்று பத்து நாள் இவர் சோறு இறங்காமல் கிடந்தார். கடைசியில், "அவனவன் ஓட்டித் தேஞ்சதுல நான் ஏறோணுமா? நானே செய்யறேன் பாரு புள்ள" என்று வேங்கை மரத்தை வெட்டிவிட்டார்.

இறங்கும் பாதையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு உண்டு. பூசை போட்ட வண்டியைப் பிரிக்கக் கூடாது, முழுசாகத்தான் தூக்கிப் போக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதனால் இடுக்கின் அகலத்துக்கு ஒரு மூங்கில் குச்சி வெட்டி, அந்த அளவுக்குள்ளேயே வண்டியைச் செய்தார். தினமும் விறகுக்கட்டோடு அந்த இடுக்கில் நுழைந்து வருகிறவள் நான். சக்கரத்தையும் அச்சையும் தனித்தனியாக இறக்கி, கீழே பூட்டி, அங்கேயே பூசை போட்டால் ஆகாதா என்று தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம். அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கூடப் பழகவில்லை.

நான்கு பேர் தூக்கினார்கள். பாறையில் உரசாமல் வண்டி நுழைந்தது. "பாத்தியா!" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பந்தயத்தில் முதல் திருப்பத்திலேயே அந்த ஒடுங்கின வண்டி குடை சாய்ந்தது. "மலைக்காரன் தொட்டில் கட்டிட்டு வந்திருக்கான்டா!" என்று கூட்டம் கத்தியது. பூட்டியிருந்த காளைகளுக்கு ஒன்றுமில்லை. அவருக்கு முழங்கை வீங்கிவிட்டது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மலையேறினோம். இடுக்கு வந்ததும், "பாய் வண்டியவே வாங்கியிருக்கோணும்" என்றார். அன்றுதான் வாயைத் திறந்தேன்.

"பிரிச்சுக் கீழ கொண்டு போயிப் பூட்டியிருந்தா, அகலமாவே செஞ்சிருக்கலாமுங்க."

நின்றுவிட்டார். "இது எப்பத் தோணுச்சு உனக்கு?"

"நீங்க குச்சி வெட்டுனப்பவேங்க."

இடுக்கில் நுழைந்து முன்னால் நடந்தார். பந்தயத்தின் பக்கம் அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

இப்போது மலைக்கு பஸ் வருகிறது, லாரி வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. குச்சியை அடுப்பில் வைத்துவிடலாம் என்று எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். பந்தயத்தன்று வீடு வந்து சேர்ந்ததும் அதை எரவாணத்தில் செருகியவர் அவர்தான். எதற்கென்று நான் கேட்கவில்லை. முன்னே சொல்லாமல் இருந்ததுபோல இதையும் கேட்காமலேயே இருந்துவிட்டேன்.