அதட்டி வைத்த சாம்பார்

தஞ்சாவூரில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மருமகள் ஆபீசுக்குப் போய்விட்டாள். மகன் சாம்பார் வைக்கிறான், வாசல் கதவை விரியத் திறந்துபோட்டுக்கொண்டு. பெருங்காய வாசம் வந்ததும் ஓடிப்போய்க் கதவைச் சாத்த எனக்குக் கை பரபரத்தது. பழக்கதோஷம், வேறென்ன.

இவன் அப்பா சமைத்தபோதெல்லாம் கதவைச் சாத்தியவள் நான்தான். கூலிப் போராட்டத்தில் திருச்சி ஜெயிலுக்குப் போனவரை அங்கே சமையல்கட்டில் போட்டார்கள். சாம்பார் கற்றுக்கொண்டு வந்தார். நான் நடவில் கெட்டிக்காரி, அடுப்படியில் பூஜ்யம். நான் வயலிலிருந்து வந்து கதவைச் சாத்தியதும் அவர் உலை வைப்பார். நூறு பேருக்கு வைத்துப் பழகிய ஜெயில் கை அல்லவா, ஒரு பிடி பருப்பில் ஒரு தவலை சாம்பார் எழுப்புவார். மிச்சத்தை வாங்கிச் சாப்பிட்ட தெரு என் கைமணத்தைப் புகழ்ந்தது. நானும் கூசாமல் தலையாட்டிக்கொள்வேன்.

வெளியே தெரிந்தால் போச்சு. அவர் சங்கத் தலைவர். "பொண்டாட்டிக்கு வடிச்சுக் கொட்டுறவன் கூலி பேச வந்துட்டான்" என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் ஆட்களே சிரித்துவிடுவார்கள். அப்புறம் அவர் பின்னால் யார் நிற்பார்கள்?

அடுத்த வேலைநிறுத்தத்தில் தெருவுக்கே ஒரே அடுப்பு என்று முடிவானது. சமைக்க எல்லோரும் என்னைத்தான் கைகாட்டினார்கள். அண்டா முன்னால் கரண்டியோடு நின்றேன். உள்ளே என்ன கொதிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். அண்டாவை மோந்து பார்த்தார்.

"என்னடி சமைக்கிற? புளி பத்தல! இன்னும் கரைச்சு ஊத்து!"

ஊற்றினேன்.

"தண்ணியாக் கெடக்கு, பருப்ப மசிச்சு விடுடி!"

மசித்தேன்.

"வெறக இழு, அடி பிடிக்குது! பெருங்காயத்த எப்பத்தான் போடுவ?"

கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு சொல் அதட்டாத மனிதர். சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தினேன். நான் அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அவரோடு சண்டைக்கே போனாள். "பாவம்ணே அவ, ஏன் இப்படி வையுறீங்க?"

சாம்பார் அமிர்தமாக வந்தது. சாயங்காலம் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார், "கோவமா?"

"நாளைக்குப் பொரியலுக்கும் அதட்டுங்க" என்றேன்.

அதட்டினால்தான் ருசி வரும்போல என்று எங்கள் தெரு ஆண்கள் அவரவர் பெண்டாட்டியிடம் கத்திப் பார்த்தது தனிக் கூத்து. கரண்டியடி வாங்கியவர்களும் உண்டு.

"உப்புப் பாரும்மா" என்று மகன் கரண்டியை நீட்டுகிறான். சரியாகத்தான் இருக்கிறது. கதவைச் சாத்திச் சமைத்த காலம் போய்விட்டது, நல்லதுதான். அவரும் போய்விட்டார். ஊரில் எனக்கென்று நான் வைத்துக்கொள்ளும் சாம்பாரில் எப்போதும் புளி பத்துவதில்லை. அதட்டத்தான் ஆளில்லை.