மஃரிபு வரை நின்ற வெடி

பூனையின் விலாவில் உள்ளங்கை பதிந்திருக்கும்போது தெருவில் வெடி வெடித்தால், அதன் உடல் ஒரே கணத்தில் கல்லாக இறுகுவதையும், அதன்பின் மெல்லிய நடுக்கமொன்று தோலுக்கடியில் நெடுநேரம் ஓடிக்கொண்டிருப்பதையும் கை அறியும். கல்முனையில் கடற்கரையை நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றில், என் பன்னிரண்டாம் வயதில் அந்த நடுக்கத்தை நான் அறிந்தேன். போர் ஓய்ந்திருந்த காலம் அது. வெடியென்பது மகிழ்ச்சிக்கும் உரியதுதான் என்பதை ஊர் அப்போதுதான் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தது. உம்மா மட்டும் ஒவ்வொரு வெடிக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டு, பின் ஒன்றும் நடவாததுபோல் அகப்பையைக் கையில் எடுப்பார்.

அதற்கு முந்திய நோன்புப் பெருநாளின்போது, பிறை தென்பட்ட செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்த மறுகணமே ஒழுங்கையெங்கும் வெடிகள் எழ, எங்கள் பழைய பூனை மதிலைத் தாண்டி ஓடியது. பின் அது திரும்பவேயில்லை. அது விட்டுச்சென்ற கண் திறவாத குட்டிகள் இரண்டுக்கும் பஞ்சுத் திரியில் பால் தோய்த்துக் கொடுத்துப் பார்த்தேன். பெருநாளின் மூன்றாம் நாளுக்குள் இரண்டும் இறந்துவிட்டன. அவற்றைப் புதைத்துவிட்டுக் கை கழுவும்போதே, இனியொரு பெருநாளில் இவ்வாறு நடக்க விடுவதில்லையென்று முடிவு செய்தேன். அழுததாக நினைவில்லை, முடிவு செய்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த ரமழானின் தொடக்கத்தில், பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கிவந்த என் வாளியின் பின்னாலேயே ஒரு சாம்பல்நிறப் பூனை வந்து சேர்ந்தது. அதற்குக் "கஞ்சி" என்றே பெயராயிற்று. பத்தாம் நோன்பளவில் அது குசினியின் விறகுக் குவியலில் மூன்று குட்டிகளை ஈன்றது. அந்த விறகுக் குவியலோ ஒழுங்கையின் மதிலையொட்டி இருந்தது. வெடி வைப்பவர்கள் வழக்கமாகக் கூடுமிடமும் அந்த மதிலோரமே.

வீட்டில் சத்தம் குறைந்த இடமெது என்று முறையாகத் தேடினேன். மாலை வேளைகளில் காக்காவை, அதாவது என் மூத்த சகோதரனை, ஒழுங்கையில் நின்று பிஸ்கட் தகரத்தை அடிக்கச் சொல்லிவிட்டு, நான் ஒவ்வோர் அறையாக நின்று செவி கொடுத்தேன். சவளக்கடை வயலில் விளைந்த நெல்லை வாப்பா மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்திருந்த பின்னறையில், தகரத்தின் ஓசை தலையணைக்குள் பேசுவதுபோல் அமுங்கி ஒலித்தது.

"பூனைக்கு ஊடு பாக்கிறியா, புள்ள? சீதனத்துக்கு நெல்லறைய எழுதிக் குடுக்கச் சொல்லு வாப்பாவ" என்றான் காக்கா.

"நீ அடி. கையை நிப்பாட்டாத" என்றேன்.

குட்டிகளை அன்றே நெல்லறைக்கு மாற்றினேன். கஞ்சியோ ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு மீண்டும் விறகுக் குவியலுக்கே கொண்டுபோயிற்று. நான் மாற்றுவதும் அது மீட்பதுமாக மூன்று நாள் கழிந்தது. "வாயில்லாச் சீவன நோன்போட வதைக்காத மகள்" என்றார் உம்மா. நான்காம் நாள் குட்டிகளைத் தொடாமல், கஞ்சியின் உணவை மட்டும் நெல்லறைக்கு மாற்றினேன். விடியுமுன் சகர் உணவுக்கு எல்லோரும் அமரும்போது, பொரித்த கீரிமீன் தலைகளை மூட்டைகளின் இடுக்கில் கொண்டுபோய் வைப்பேன். ஒரு வாரம் கடந்ததும் கஞ்சி தன் குட்டிகளைத் தானே அங்கே கொண்டுவந்தது.

இருபத்தொன்பதாம் நோன்பன்று, சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபுத் தொழுகைக்கு முன்பே கஞ்சியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். பிறை தென்படவில்லை, வெடியும் எழவில்லை. மறுநாள் முப்பதாம் நோன்பு. அன்றும் மாலையில் சாத்திக்கொண்டாற் போதுமென்று கணக்கிட்டேன். என் பிழை அங்கேதான். இருபத்தொன்பதில்தான் வெடி பிறைக்காகக் காத்திருக்கும். முப்பதாம் நோன்பு வந்துவிட்டாலோ, மாதம் அதைத் தாண்டாதாகையால், நாளை பெருநாளென்பது உறுதி. பிறகு வெடி வைப்பவனுக்குப் பிறை எதற்கு? நண்பகலின் ளுஹர் தொழுகை முடிந்ததுதான் தாமதம், முதல் வெடி எழுந்தது. மதில்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த கஞ்சி, நான் முற்றத்துக்கு ஓடிவருவதற்குள் பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தாவிவிட்டது. மதிலேறிப் பிடிக்க முயன்றேன், முழங்கைவரை கீறிவிட்டு, கூரைமேட்டைக் கடந்து மறைந்தது. நெல்லறையில் குட்டிகள் மூன்றும் கத்தத் தொடங்கின.

அந்தக் கத்தலை நான் முந்திய ஆண்டே கேட்டிருந்தேன். கீறல்களில் கசிந்த இரத்தத்தைத் துடைக்காமலே காக்காவிடம் சென்று, "நீ போய் அவங்களோட கதை. இல்லாட்டி நான் போவன்" என்றேன். அவனது சட்டைப்பையிலும் அன்று வெடிகள் இருந்தன. வயலில் யானை விரட்டுவதற்கென்று எங்கிருந்தோ பெற்ற பெரு வெடியொன்றை அவன் ஒரு மாதமாகப் பாதுகாத்து வந்ததும் எனக்குத் தெரியும். என் கையைப் பார்த்தான். பிறகு எழுந்து சென்றான். நான் மதிலருகே நின்று, ஒழுங்கையில் காக்கா பேசுவதைக் கேட்டேன்.

"மஃரிபு வரைக்கும் நிப்பாட்டுங்கடா."

"ஏன், உங்க ஊட்ட நோயாளியா?"

"ஓம்."

"யாரு, உம்மாவா?"

"பூனை."

சிரிப்பொலி மதிலைக் கடந்து வந்தது. "ஆஸ்பத்திரியில வார்டு எடுத்துக் குடு" என்றான் ஒருவன். காக்கா சிரிக்கவில்லை. "மூணு குட்டி கிடக்கு. தாய் கூரையில நிக்குது. மஃரிபுக்குப் பிறகு இந்தா, இதையும் நீங்களே வைங்க" என்று அந்த யானை வெடியை எடுத்து அவர்களிடம் கொடுத்தான். "சரி, நோன்பு துறக்கிற வரைக்கும்தான்" என்றது ஒரு குரல்.

நெல்லறையின் கதவைத் திறந்துவைத்துவிட்டு, நான் முற்றத்தின் மறுகோடியில் அசையாமல் அமர்ந்தேன். தேடுவதும் அழைப்பதும் துரத்துவதற்கு ஒப்பானவையே என்பதை அந்தக் கீறல்கள் எனக்கு உணர்த்தியிருந்தன. பிற்பகலின் அஸர் தொழுகை கழிந்து, வெயில் மஞ்சளாகிய வேளையில், கஞ்சி வயிறு நிலத்தில் உரசும்படி தாழ்ந்து வந்து கதவுக்குள் நுழைந்தது. நானும் பின்னே நுழைந்து கதவைச் சாத்தினேன். ஒரு பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் அன்று நான் நோன்பு துறந்தது நெல்மூட்டைகளுக்கு நடுவில்தான். வெளியே யானை வெடி அதிர்ந்தபோது என் கைக்கடியில் கஞ்சியின் உடல் இறுகியது, நடுங்கியது, ஆயினும் எழவில்லை. குட்டிகள் மூன்றும் பாலருந்திக்கொண்டிருந்தன.

அந்த வீடு இப்போது என்னுடையது. நெல் இன்று வயலிலிருந்து நேரே ஆலைக்குப் போய்விடுவதால், நெல்லறையும் அதன் சுவரும் இல்லை. வெடிகளும் மாறிவிட்டன, வானத்தில் ஏறி வரிசையாக வெடிக்கும் பெட்டிகள் வந்துவிட்டன. இப்போது என்னோடிருக்கும் பூனைக்காக அலமாரியின் அடித்தட்டில் மெத்தை விரித்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, என்னாலானதைச் செய்கிறேன். அவ்வளவு சத்தத்தையும் தடுக்கும் அறை இன்று என்னிடமில்லை. ஆகவே நோன்பு தொடங்கியதுமே ஒழுங்கையிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, வெடி வைக்குமுன் எனக்கொரு சொல் சொல்லும்படி கேட்டுவருகிறேன். முதலாண்டு சிரித்தார்கள். இரண்டாம் ஆண்டும் சென்றேன்.

சென்ற பெருநாளுக்கு முந்திய பகல், எதிர்வீட்டு மகள் வெடிப்பெட்டியை இடுப்பில் இடுக்கியபடி என் வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், பூனை உள்ளுக்கா?"

"இல்ல மகள், இன்னும் வரல்ல."

அவள் ஒழுங்கைப் பக்கம் திரும்பி, "பொறுங்கடா, வரல்லயாம்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.