திருப்பி அனுப்பிய முருங்கைக் கேள்வி

2011இல் நார்த்மீட் புறநகரில் இருந்துகொண்டு, தோட்டம் போடும் தமிழர்களுக்காக இணையத்தில் ஒரு குழுமம் நடத்தினேன். எழுத்துப்பிழை உள்ள பதிவை வெளியிட மாட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு. மெல்பர்னிலிருந்து ரவி என்பவர், குளிரில் முருங்கை இலை கொட்டுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பிழை திருத்தி அனுப்புங்கள் என்று மூன்று முறை திருப்பிவிட்டேன். பிறகு அவர் வரவே இல்லை.

பக்கத்திலுள்ள ஹரிஸ் பார்க் கடையில், குழுமத்தில் இருந்த அவருடைய நண்பரைப் பார்த்தபோது விசாரித்தேன்.

"மரம் பட்டுப்போச்சு அக்கா. வேலையில பிரேக் நேரம் போன்ல எழுதினவன். அதில தமிழ் அடிக்கிறதே பெரிய பாடு. இனி எழுத மாட்டானாம்."

இப்போதெல்லாம் முதலில் பதில்தான் எழுதுகிறேன். ரவியின் கேள்வியை அவர் எழுதியபடியே வெளியிட்டு, அடுத்த மரம் வைத்தால் குளிருக்கு அடிமரத்தில் சாக்கு சுற்றுங்கள் என்று கீழே எழுதியிருக்கிறேன். எத்தனை பிழையோடானாலும் அவரிடமிருந்து ஒரு வரி வராதா என்று தினமும் திறந்து பார்க்கிறேன்.