நடையைப் பார்த்து ஓட்டைச் சொன்னவர்

“ஒரு ஆளு பூத்துக்கு நடந்து போற நடையைப் பார்த்தா போதும். எந்தப் பொத்தானை அமுக்குவான்னு சொல்லிடுவேன்” என்று ஏகாம்பரம் ஒரு நாள் சௌபாலில் பிரகடனம் செய்தார். சௌபால் என்பது பில்லான்பூர் கிராமத்தின் பாராளுமன்றம்: ஒரு வேப்பமரம், சில கயிற்றுக் கட்டில்கள், மாற்றி மாற்றிப் புகை இழுக்க ஒரு ஹூக்கா. துவாரகாவில் மெட்ரோவை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் கடுகு வயல்களைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். டில்லிதான். எருமைகளுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

ஏகாம்பரம் ஆரணிப் பக்கத்துக்காரர். லோதி ரோட்டில் மத்திய அரசு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொசைட்டி ஃபிளாட் கைக்கு எட்டாமல் பில்லான்பூர் ஓரத்தில் மனை வாங்கிக் குடியேறிய தமிழ்த் தெருவுக்கு அவரே தேர்தல் விஞ்ஞானி. செருப்பைத் தேய்த்து நடந்தால் ஆட்சி மேல் கோபம். கையைப் பின்னால் கட்டினால் பழைய விசுவாசம். அவருடைய ஆராய்ச்சி ஒரு முறைகூடப் பொய்த்ததில்லை. சரிபார்க்க யாருக்கும் வழியில்லாதது அதற்குப் பெரிய உதவி.

உண்மையில் அந்த ஊரில் விஞ்ஞானத்துக்கு வேலையே கிடையாது. ஹூக்கா ஒரு சுற்று வரும்; ஊர்ப் பெரியவர் சௌத்ரி பல்பீர் ஒரு பெயரைச் சொல்வார்; ஊர் முழுக்க அந்தப் பெயருக்கே குத்தும். தமிழ்த் தெருவும் சேர்ந்து குத்தும். இந்தத் தடவை, “எதிராளிக்கு எங்க பூத்துல ஒரு ஓட்டுகூட விழாது” என்று தன் வேட்பாளரிடம் சௌத்ரி வாக்குக் கொடுத்திருந்தார்.

தேர்தலன்று காலை பனிமூட்டத்தில் தமிழ்த் தெருவுக்கு வந்தார் சௌத்ரி. தன் கணிப்புகளைச் சமர்ப்பிக்க ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார்.

“அட விடுங்க ஏகாம்பரம்ஜி” என்றார் சௌத்ரி ஹிந்தியில், போனைப் பார்த்தபடியே. “உங்க தெருவை எப்பவோ கணக்குல சேர்த்தாச்சு. உங்களையும் சேர்த்துத்தான். இந்தக் குளிர்ல நீங்க வரலேன்னாலும் பரவாயில்ல.”

ஏகாம்பரம் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

பூத் வாரியான முடிவு போன்களில் வந்தபோது ஊர் சில்லிட்டுப் போனது. எதிராளிக்கு ஒரே ஒரு ஓட்டு. நூறு விழுந்திருந்தால் அரசியல் என்று விட்டிருப்பார்கள். ஒன்று என்றால் துரோகம். ஜெயித்தது சௌத்ரியின் வேட்பாளர்தான்; லட்டோடு வருவதாக இருந்தவர் வரவில்லை. டீக்கடையில் அவனவன் அடுத்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு டீயை ஆறவிட்டான்.

சந்தேகம் கோவிந்தம்மாள் மேல் வந்து நின்றது. வேப்பமரத்தடியில் இட்லி வண்டி போட்டிருக்கும் விதவை. அந்த வண்டிதான் அவர் வீட்டு அடுப்பையும் எரிக்கிறது. பிரச்சாரத்தின்போது எதிராளி அங்கே இட்லி சாப்பிட்டு செல்ஃபி எடுத்திருந்தான்.

“அவனுக்கு ரெண்டாவது தடவை சாம்பார் ஏன் ஊத்துன?” சௌபாலில் விசாரணை தொடங்கியது.

“கேட்டாரு, ஊத்துனேன். நீங்க கேட்டா மூணாவது தடவையும் ஊத்துறேனே சௌத்ரிஜி” என்றார் கோவிந்தம்மாள்.

“நாளையிலேருந்து வண்டி இங்க நிக்காது” என்றார் சௌத்ரி.

கூட்டத்தில் ஒருவர், “ஏகாம்பரம்ஜியைக் கூப்பிடுங்க. எல்லார் நடையையும் பார்த்தவர் அவர்தானே” என்றார். ஆள் போயிற்று.

“போங்க, உங்க சயின்ஸைக் காட்டுங்க” என்று வழியனுப்பினார் மனைவி வள்ளியம்மை. “அந்தப் பொம்பளை வயித்துல மட்டும் அடிச்சுட்டு வந்துடாதீங்க.”

ஏகாம்பரம் வழக்கமான கட்டிலில் உட்காரவில்லை. கோவிந்தம்மாள் அவரையே பார்த்தார். “அண்ணே, என் நடையிலே ஏதாச்சும் தெரிஞ்சுதா? எனக்கு முட்டிவலி, அதான் அப்படி நடப்பேன்.”

“சொல்லுங்க. யாரு?” என்றார் சௌத்ரி. ஹூக்கா இழுபடாமல் நின்றது.

ஏகாம்பரம் மஃப்ளரை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

“அந்த ஓட்டு என்னுது.”

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

“நீங்களா? அவன் என்ன செஞ்சான் உங்களுக்கு?”

“ஒண்ணும் செய்யல. அவன் பேருகூட எனக்குச் சரியா ஞாபகம் இல்ல.” ஹிந்தி தடுமாறியது. “காலையில என்னைப் பார்க்காமலே கணக்குல சேர்த்துட்டீங்க. அப்புறம் உள்ள போனா, யாருமே பார்க்காத இடம். கை தானா கீழ இருந்த அவன் பொத்தானுக்குப் போயிடுச்சு.”

சௌத்ரி ஹூக்காவைத் தள்ளி வைத்தார். “வண்டி நிக்கட்டும்” என்றார் கடைசியில். “நீங்க மட்டும் இனிமே இந்தப் பக்கம் உட்கார வர வேண்டாம்.”

“சரிங்க” என்று கிளம்பினார் ஏகாம்பரம். ஊரே அவர் நடையைக் கவனித்தது. செருப்பைத் தேய்க்கவில்லை, கையைப் பின்னால் கட்டவில்லை. தேர்தலன்று பூத்துக்குப் போன அதே நடைதான்.