விடுமுறை என்று பதிவான மூன்று வாரம்

புருசெத் புறநகரிலிருந்து முதியோர் இல்லச் சமையலறைக்கு இருபத்திரண்டு வருடங்களாகப் போய்வரும் அனஸ்ரேசியா ஒருநாளும் வருத்தமென்று வீட்டில் நின்றதில்லை. டாக்டர் கடிதம் இல்லாமலே மூன்று நாள் நிற்கலாம். ஏகென்மெல்டிங் என்று, சுகயீனத்தைத் தானே அறிவிக்கும் நோர்வேஜியப் படிவம் அதற்கு உண்டு. அதை அவள் நிரப்பியதே இல்லை. தமிழர் சுகயீனம் சொல்லிச் சம்பளம் எடுக்கிறார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதில் கணவர் கிளெமென்ற் பிடிவாதமாக இருந்தார்.

போன வருடம் ஒக்டோபரில் குளிர்காலக் காய்ச்சலுக்கான தடுப்பூசியை இல்லத்திலேயே போட்டார்கள். வரிசை நீண்டிருந்தது. தாதி அவள் சட்டையைக் கழுத்துப் பக்கமாக இழுத்துவிட்டு, தோள் எலும்புக்குப் பக்கத்தில் ஏற்றினாள். அன்று மாலையே இடது கை எழவில்லை.

"லீவைப் போட்டிட்டு நில்லும். வருத்தமெண்டு ஏன் சொல்லுவான்?" என்றார் கிளெமென்ற்.

மன்னாருக்குப் போக வைத்திருந்த மூன்று வார விடுமுறை கட்டிலில் போயிற்று. நான்காவது வாரம் டாக்டரிடம் போனாள். தோள்மூட்டில் அழற்சி, ஊசி தவறான இடத்தில் இறங்கியிருக்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

அதை வைத்து அவள் நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தாள். இழப்பீட்டு அலுவலகம் எட்டு மாதம் எடுத்து மறுத்தது. மகள் ஜெனுஷா கடிதத்தை வாசித்தாள். ஊசிக்குப் பின் மூன்று வாரம் நோய்ப் பதிவு எதுவும் இல்லை. விண்ணப்பதாரர் விடுமுறையில் இருந்தார். காயம் அப்போது ஏற்பட்டிருக்கலாம். தாதியிடம் யாரும் எதுவும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

இருக்க இடம் தந்த நாட்டோடு வழக்காடுவதா என்று கிளெமென்ற் கேட்டார்.

"இருபத்திரண்டு வருசம் அவையின்ரை தாய் தேப்பனுக்குச் சமைச்சுக் குடுத்தனான். சும்மா இருக்கேல்லை," என்றாள் அனஸ்ரேசியா.

ஜெனுஷா மேன்முறையீட்டைத் தாழ்மையுடன் என்று தொடங்கினாள். அதை அழிக்கச் சொன்னாள் தாய். அந்த மூன்று வாரமும் தன்னால் முடியாமல் போனவற்றை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னாள். அலுமாரியின் மேல்தட்டு. சட்டைக் கை. உள்ளாடைக் கொக்கி.

"அப்பாதான் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவர். அதையும் எழுது."

தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிற சனம் அறிந்தால் என்ன சொல்லும் என்றார் கிளெமென்ற்.

"அந்தச் சனத்திட்டை நான் நட்டஈடு கேக்கேல்லை. கண்ட சாட்சி நீங்கள் ஒராள்தான்."

ஜெனுஷா அச்செடுத்து வந்து சாட்சி கையெழுத்து வைக்கும் கோட்டைக் காட்டினாள். கிளெமென்ற் முழுவதையும் வாசித்தார்.

"மூண்டு வாரமெண்டு போட்டிருக்கிறாய். இப்பவும் நான்தான் பின்னுறன். திருத்திக் கொண்டு வா."

திருத்திக் கொண்டுவந்ததும் கையெழுத்து வைத்தார்.