மூன்று தடவை தட்டிய வீடு

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தெரு நாயின் குணம். வீட்டுக்காரர் குணமெல்லாம் அப்புறம்தான்.

கையில் டேப்லெட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வெயிலில் வேகும் என் இனத்தாரே, உங்களுக்கு இது புதுசில்லை. நான் மணவாள நகர்க்காரி. ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்குவேன். வீட்டோடு படுத்துவிட்ட நோயாளிகளைப் பற்றியும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் ஓர் அறிக்கை தயாரானது. அதற்காகக் கணக்கெடுப்பு நடத்தினோம். பட்டியலில் பெயர் ஏறினால் வீட்டுக்கே நர்ஸ் வருவார், கை கால் பயிற்சி கொடுக்க ஆள் வரும். ஏறாவிட்டால் கிடையாது. ஒரு மனுஷன் பெயர் ஏறாமல் போனது என்னால்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேரே அங்கே போக மனசு வரவில்லை, கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகிறேன்.

எத்தனை மணி நேரம்?

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பம். இறால் உரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தியிடம் உட்கார்ந்தேன். மாமியாருக்குப் பக்கவாதம். ‘ஒரு நாளில் பராமரிப்புக்கு எத்தனை மணி நேரம்?’ என்பது கேள்வி. பாவம், அவளும் விரல் மடக்கிப் பார்த்தாள். துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது என்று பாதி வரை வந்து கையை உதறினாள். கட்டத்தை நிரப்பாமல் டேப்லெட் அடுத்த பக்கம் போகாதே, நான் விடுவேனா! திரும்பவும் கேட்டேன்.

“இன்னாம்மா நீ, ஒரே பேஜாரா கீது. ஷிஃப்டு போட்டுப் பாத்துக்க அவங்க இன்னா மிஷினா? என் ஊட்டுக்காரரோட அம்மா.”

பெயர் இல்லாத இருமல்

வீட்டில் படுத்துவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர், இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் உலைப் பக்கம் வேலை. பார்த்துக்கொள்கிறவர் உடம்பைப் பற்றியும் கேள்வி உண்டு, டீக்கடை பெஞ்சில் வைத்துக் கேட்டேன். காசநோய் உண்டா, இல்லை. ஆஸ்துமா, இல்லை. ஒவ்வொரு ‘இல்லை’க்கும் நடுவே இருமினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போ இது என்ன அண்ணே என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்து பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து சொன்னார்.

“இருமலுக்குப் பேர் வச்சா வேலைக்கு உலை வச்சிடுவாங்கம்மா. பேர் இல்லாமயே எழுதிக்க.”

குறி போட்டது

இனி சுற்ற இடமில்லை. தொழிற்பேட்டைக்குப் பின்னால் லைன் வீடுகள். அதில் கடைசி வீட்டுக்கு வெளிப்பூட்டு. வீடு பூட்டியிருந்தால் மூன்று தடவை, வேறு வேறு நாளில் போய்த் தட்ட வேண்டும். அப்புறம் ‘பூட்டிய வீடு’ என்று குறி போடலாம். இது விதி. நான் மூன்று தடவையும் போனேன். மூன்று தடவையும் பூட்டு.

மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, எனக்கு அதில் சந்தோஷம்தான். பூட்டிய வீடென்றால் ஒரு மணி நேரம் மிச்சம். முதல் இரண்டு தடவையும் தட்டிய கையோடு நகர்ந்துவிட்டேன். கடைசி தடவை திரும்பும்போது உள்ளே ஏதோ பேச்சு சத்தம் கேட்டது. டிவியை அணைக்காமல் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இருந்தாலும் கூட வந்த மேற்பார்வையாளர் சேகர் சாரிடம் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பூட்டுகிட்ட கேள்வி கேக்க முடியாதும்மா. குறி போட்டுட்டு நகரு.”

ஞாயிற்றுக்கிழமை

அறிக்கை வந்தது. வழவழ அட்டை, பூப்பூவாகப் படங்கள். கூடவே, பராமரிப்பவர்களுக்கு ஒரு கையேடு. அதைக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே லைனுக்குப் போனேன். அந்தக் கடைசி வீடு திறந்திருந்தது.

உள்ளே கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். யோசேப்பு. ஆலையில் கிரேன் சங்கிலி அறுந்து முதுகில் விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மனைவி ராணி மருந்துப் புட்டி கம்பெனியில் பேக்கிங் வேலை. கதவைச் சாத்திவிட்டு மட்டும் போனால் நாய் உள்ளே வந்து அவர் சோற்றில் வாய் வைக்கிறது, விரட்ட அவரால் முடியாது. அதனால் வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். நான் தட்டிய மூன்று நாளும் அவர் இதே கட்டிலில்தான் இருந்திருக்கிறார். மன்னிச்சிடுங்க என்றேன். அவர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராணி கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“முதுவுல புண்ணு வந்துக்கினு கீதுக்கா. இதுல படம் போட்டுக்கிற நர்ஸம்மா எங்க ஊட்டுக்கு வருவாங்களா, மாட்டாங்களா? அத்த மட்டும் சொல்லு.”

போனில் வந்த குரல்

பட்டியல் மூடியாச்சு, அடுத்த கணக்கெடுப்பில் பார்க்கலாம் என்றார் சேகர் சார். அன்றைக்கு அவரோடு போட்ட சண்டையை ஆபீஸே வேடிக்கை பார்த்தது. மனு எழுதி, படி ஏறி இறங்கி, ஒருவழியாகத் துணைப் பட்டியலில் பெயரை ஏற்றினேன். அதற்குள் புண் ஆழமாகிவிட்டது.

நர்ஸ் போன அன்று நான் பேசின் பிரிட்ஜில் வண்டிக்கு நின்றிருந்தேன். பகல் பதினொரு மணி. போன் வந்தது. “மேடம், நீங்க சொன்ன ஊடு பூட்டிக்கினு கீது. நான் கெளம்பட்டுமா?” ராணி வேலைக்குப் போயிருப்பாள் என்பதும், சாவியைக் கேட்டு வைக்க வேண்டும் என்பதும் இந்த மரமண்டைக்கு ஏறவே இல்லை. “போயிடாதீங்க! உள்ள ஆள் கீறாரு, குரல் குடுங்க!” என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். நர்ஸ் கதவருகே போய்க் கூப்பிட்டார். போனுக்குள் ஓர் ஆண் குரல், தூரத்தில், ஆனால் தெளிவாக வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசாத யோசேப்பின் குரல். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

“சாவி ஜன்னல் மேலதான் கீதும்மா, எடுத்துத் தெறந்துக்கினு வா. கணக்கெடுக்க அந்தம்மா வந்து தட்டினப்பவும் மூணு வாட்டியும் இதத்தான் கத்தினேன்.”

எங்கள் தொழிலில் கேள்வி கேட்க ஒரு வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள். பதில் வரும்வரை வாசலில் நிற்கப் பழக எனக்கு ஒரு மனுஷனின் முதுகுப் புண் தேவைப்பட்டது.